போர்ஷே 944: விலை இறங்கிய கார், இறங்காத செலவு

அமெரிக்காவில் 1983 மாடலாக போர்ஷே 944 வந்து இறங்கியபோது அதன் விலை 18,450 டாலர். இருபது வருடம் கழித்து அதே கார், ஓடும் நிலையிலேயே, சில ஆயிரம் டாலருக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. போர்ஷே என்ற பெயர், நினைத்த இடத்துக்குத் திரும்பும் ஸ்டியரிங், முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி பிரிந்த எடை, எல்லாம் ஒரு சாதாரணப் பழைய குடும்பக் காரின் விலைக்கு. கல்லூரி மாணவர்கள் வாங்கினார்கள். முதல் சம்பளம் வாங்கியவர்கள் வாங்கினார்கள். அவர்களில் பலர் ஒன்றிரண்டு வருடத்தில் ஓட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் அதை ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

அந்தத் தார்ப்பாய் வரைக்கும் கார் எப்படிப் போகிறது, அங்கிருந்து அதை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் இங்கே பேச்சு. என் வாதம் எளியது. காரின் விலையைச் சந்தை முடிவு செய்கிறது. வேலையின் விலையை அந்தக் காரின் அமைப்பு முடிவு செய்கிறது. முதலாவது இறங்கிக்கொண்டே வந்தாலும் இரண்டாவது இறங்குவதில்லை. 18,450 டாலர் கொடுத்தவர் யோசிக்காமல் செய்த வேலையை, மூவாயிரம் கொடுத்தவர் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுகிறார். 944-களை அழித்தது வயதைவிட இந்தத் தள்ளிப்போடல்தான்.

கார் வந்த வழி

944-க்கு அண்ணன் 924. ஃபோக்ஸ்வாகனுக்காக போர்ஷே வடிவமைத்த கார் அது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஃபோக்ஸ்வாகன் பின்வாங்கவே, போர்ஷே தன் வடிவமைப்பைத் தானே விலைகொடுத்து வாங்கித் தன் பெயரில் விற்றது. கார் கட்டப்பட்டது ஜெர்மனியின் நெக்கார்சுல்மில், என்எஸ்யூ என்ற பழைய கார் கம்பெனியின் தொழிற்சாலையில். 924-இன் 2 லிட்டர் எஞ்சின் ஆடி வழி வந்தது. ஃபோக்ஸ்வாகனின் எல்டி வேனிலும் அதே எஞ்சின் இருந்ததால் 'வேன் எஞ்சின் போட்ட போர்ஷே' என்ற கேலி கடைசிவரை போகவில்லை.

944 அந்தக் கேலிக்குப் பதில். போர்ஷேயின் பெரிய காரான 928-இன் வி8 எஞ்சினில் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டரை அடிப்படையாக வைத்து, போர்ஷே சொந்தமாகச் செய்த 2,479 சிசி எஞ்சின். ஐரோப்பாவில் 163 குதிரைத் திறன். பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினை 30 டிகிரி சாய்த்து வைத்தார்கள். கியர்பாக்ஸ் பின் அச்சில். எஞ்சினையும் அதையும் இணைக்க நடுவே ஒரு நீண்ட குழாய், அதற்குள் சுழலும் தண்டு. இந்தக் குழாயை நினைவில் வையுங்கள், கிளட்ச் பேச்சில் திரும்ப வரும்.

நான்கு சிலிண்டரில் இவ்வளவு பெரிய எஞ்சின் என்றால் அதிரும். அதை அடக்க இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட், அதாவது அதிர்வைச் சமன்செய்யும் தண்டுகள். பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்கைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். அந்த வடிவமைப்புக்கான காப்புரிமை மிட்சுபிஷியிடம் இருந்தது, போர்ஷே உரிமக் கட்டணம் செலுத்தியது. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெயர்போன கம்பெனி ஜப்பான் கம்பெனிக்குப் பணம் கட்டி வாங்கிய அமைதி அது. அந்த அமைதிக்கு இன்று காரின் சொந்தக்காரரும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

1991-இல் உற்பத்தி முடியும்போது எல்லா வகையும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் கட்டியிருந்தார்கள். அவ்வளவு கார் இருந்ததால்தான் விலை அவ்வளவு விழுந்தது. இன்று உதிரிபாகம் கிடைப்பதற்கும் அதே எண்ணிக்கைதான் காரணம்.

நம் முன்னால் நிற்கும் வண்டி

ஆய்வுக்கு ஒரு 1986 மாடல் சாதா 944-ஐ எடுத்துக்கொள்வோம். எட்டு வால்வு, டர்போ இல்லாதது, ஐந்து கியர். மூன்று நான்கு கை மாறியது. செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. விற்பவர் 'சின்னச் சின்ன வேலைதான், ஒன்றும் பெரிதில்லை' என்கிறார். ஒரு தனி மனிதரின் கதையாக இதைச் சொல்லவில்லை. இந்த வகையில் திரும்பத் திரும்ப வரும் நிலைமையை ஒரே வண்டியில் வைத்துப் பார்க்கிறோம்.

பானெட்டைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியது ரசீதுக் கோப்பு. டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? தேதியும் பட்டறையின் பில்லும் இருந்தால் அது பதில். 'போன ஓனர் மாற்றியதாகச் சொன்னார்' என்பது பதிலே இல்லை. ஓடிய மைல் கணக்கையும் நம்ப முடியாது. இந்தக் கார்களின் மீட்டருக்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரம் வயதானதும் நொறுங்கிவிடும். வேக முள் ஒழுங்காக ஆடும், மைல் எண் மட்டும் நகராது. 90,000 என்று காட்டும் வண்டி எத்தனை வருடமாக 90,000-இல் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் 944-இல் எதையும் தூரத்தைவிடத் தேதியை வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

ரசீது இல்லை என்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே மாற்ற வேண்டும். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்பே என்றுகூடச் சொல்வேன்.

பெல்ட்

இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வேறு வேறு நேரத்தில் வந்துபோகின்றன. அந்த நேர ஒழுங்கைக் காப்பது ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தாலோ இரண்டு பல் தாண்டினாலோ திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும், வால்வுகளை மாற்ற வேண்டும், கைடுகளைப் பார்க்க வேண்டும். சாதா 944-ஐப் பொறுத்தவரை பல வருடங்களுக்கு அந்த பில் காரின் விலையைத் தாண்டியது. கார் அங்கேயே முடிந்தது.

கம்பெனி கொடுத்த கெடு 45,000 மைல். அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் 30,000 மைலுக்கு மேல் விடமாட்டார்கள், ஓடாமல் நின்றாலும் மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுவார்கள். என்னைக் கேட்டால், கொஞ்சமாக ஓடும் பழைய காருக்கு வருடக் கணக்குதான் சரி.

இதில் ஒரு கூடுதல் சிக்கல்: பெல்ட் ஒன்றல்ல, இரண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது ஒன்று. இரு பக்கமும் பல் வைத்த இன்னொன்று பேலன்ஸ் ஷாஃப்டுகளைச் சுழற்றுகிறது. பேலன்ஸ் பெல்ட் அறுந்தால் எஞ்சின் அதிரும், அவ்வளவுதானே என்று தோன்றும். அறுந்த பெல்ட் பக்கத்தில் ஓடும் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதிர்வைக் குறைக்க வைத்த பெல்ட், எஞ்சினையே காலி செய்யும் வழி இது.

வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் டைமிங் பெல்ட்தான், தன் முதுகுப் பக்கத்தால். பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட் வழுக்கும், பல் தாண்டும். போதாக்குறைக்கு, பெல்ட்டுகளின் பின்னால் கிராங்க், கேம், இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் என்று வரிசையாக ஆயில் சீல்கள், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையங்கள். முப்பது வருடச் சூட்டில் அவை இறுகிக் கசிய ஆரம்பிக்கும். கசிந்த ஆயில் நேராகப் பெல்ட்டில் விழும். ஆயில் ஊறிய ரப்பரின் ஆயுளைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக 'பெல்ட் மாற்றணும்' என்று வந்தவருக்குக் கிடைக்கும் பட்டியல்: இரண்டு பெல்ட், எல்லா ரோலரும், வாட்டர் பம்ப், முன்பக்க சீல்கள் அத்தனையும், தெர்மோஸ்டாட், கூலன்ட். பெல்ட்டின் விலை இதில் கடைசி வரிசை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். ஆனால் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சீல் நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதை விட்டு மூடினால், ஆறு மாதம் கழித்து அதே முக்கால் பணத்தை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். இந்தக் காரில் ஒரு பாகத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை அந்தப் பாகத்தின் நிலையைவிட, அதை அடையும் வழிதான் தீர்மானிக்கிறது.

வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கீழ்த்தட்டு, ரேடியேட்டர் விசிறிகள், ஆல்டர்னேட்டர் பெல்ட் எல்லாம் கழன்றபின், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியையும் ரோட்டரையும் எடுத்தால் கேம் சக்கரம் தெரியும். அதன் குறியும் பின் உறையின் குறியும் நேராக வர வேண்டும். அதே நேரம் கிராங்கின் பின்முனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் குறி, அதை மூடும் பெல் ஹவுசிங்கின் துளையில் தெரிய வேண்டும். முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்பதற்கு இரண்டும் சேர்ந்த சாட்சி. பின்னால் ஃப்ளைவீல் பல்லில் பூட்டுக்கருவியை மாட்டிவிட்டு, கிராங்க் போல்ட்டை 24 மில்லிமீட்டர் சாக்கெட்டால் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது அதற்கு 210 நியூட்டன் மீட்டர் முறுக்கம். சாதாரண டார்க் ரெஞ்ச் பலவற்றின் எல்லையே அதுதான்.

பேலன்ஸ் ஷாஃப்ட் சக்கரங்களில் ஒரு வேடிக்கை உண்டு. மேல் ஷாஃப்டுக்கும் கீழ் ஷாஃப்டுக்கும் ஒரே சக்கரம்தான். அதில் தண்டோடு பூட்டும் சிறு சாவித்துண்டுக்கான பள்ளம் இரண்டு இருக்கும், ஒன்றின் பக்கத்தில் 'ஓ', இன்னொன்றின் பக்கத்தில் 'யூ' என்று பொறித்திருக்கும். 'ஓ' மேலே போகும் சக்கரத்துக்கு, 'யூ' கீழே போவதற்கு. சீல் மாற்றக் கழற்றியவர் இதைக் கவனிக்காமல் மாற்றி மாட்டினால் கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் நடுங்கும். வண்டியின் சொந்தக்காரர் எஞ்சின் மவுண்ட்டை மாற்றுவார், ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார், கிளட்சைச் சந்தேகப்படுவார். எஞ்சின் மவுண்ட்டும் இந்த வண்டிகளில் உண்மையாகவே அமுங்கிப்போகும் பொருள் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். நடுக்கத்தோடு வரும் 944-இல், கடைசி பெல்ட் வேலைக்கு முன்பே நடுக்கம் இருந்ததா என்று கேட்பது நல்ல முதல் கேள்வி.

அடுத்தது இழுவிசை. 1987 முதல் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் வந்தது. நம் 1986 வண்டியில் அது இல்லை. ஒரு ரோலரைத் திருகித் திருகிக் கையாலேயே விசை வைக்க வேண்டும். அதை அளக்க போர்ஷே பி9201 என்று ஒரு தனிக் கருவி கொடுத்தது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் அளவு எடுக்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் அலுமினியம் விரிந்து பெல்ட் தானாகவே இறுகும். கருவி இல்லாதவர்கள் பெல்ட்டின் நீண்ட பகுதியை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி, 90 டிகிரி வரை வருகிறதா என்று பார்ப்பார்கள். கை பழகியவருக்கு அது போதும். முதல் முறை செய்பவருக்குப் போதாது; பயத்தில் எப்போதும் கூடுதலாகவே இறுக்குவார். அதிகமாக இறுகிய பெல்ட் ஊளையிடும், ரோலரையும் பம்ப் பேரிங்கையும் தின்றுவிடும். பேலன்ஸ் பெல்ட்டுக்கு அருகில் இருக்கும் ஒரு சின்ன ரோலர் பெல்ட்டைத் தொடவே கூடாது, மயிரிழை இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அதையும் ஒரு டென்ஷனர் என்று நினைத்து அழுத்தி வைப்பவர்கள் நிறைய.

மூடுவதற்கு முன் கிராங்க் போல்ட்டைப் பிடித்துக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றி, எல்லாக் குறியும் திரும்ப நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்காவது தடுத்தால் நிறுத்திவிட வேண்டும். கையால் சுற்றும்போது இடித்தால் வால்வுக்கு ஆபத்தில்லை. செல்ஃப் மோட்டாருக்கு அந்தத் தயவு கிடையாது.

நின்றுபோகும் வண்டி

இதோடு ஒப்பிட்டால் அடுத்த தொல்லை சிரிப்பு வரவழைக்கும். நன்றாக ஓடும் கார், வெயில் நாளில், சிக்னலில் பொட்டென்று நிற்கிறது. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் பம்ப்பை மாற்றுகிறார்கள், பிறகு இக்னிஷன் காயிலை, பிறகு எஞ்சினின் கம்ப்யூட்டரை.

ஃப்யூஸ் பெட்டியில் தீப்பெட்டி அளவு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று இருக்கிறது. டிஎம்இ ரிலே என்பார்கள். எஞ்சினை நடத்தும், பாஷ் கம்பெனியின் மோட்ரோனிக் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் கரண்ட் அது வழியாகத்தான் போகிறது. உள்ளே இருக்கும் சால்டர் இணைப்புகள் சூடாகிச் சூடாகி ஆறி வட்டமாக வெடிப்பு விடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்னைச் சுற்றி மெல்லிய கருப்பு வளையம் தெரியும். சூட்டில் இணைப்பு விலகும், ஆறினால் சேரும். சால்டரிங் அயர்ன் உள்ளவர் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். புதிதாக வாங்கினாலும் பெரிய செலவில்லை, 944 ஓட்டுபவர்கள் கையுறைப் பெட்டியில் ஒன்று எப்போதும் வைத்திருப்பார்கள். நடுவழியில் ஒன்றும் இல்லையென்றால் 30, 87, 87பி ஆகிய மூன்று முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்து வீடு வந்து சேரலாம். வீடு வரை மட்டும். அந்த ஒயர் இருக்கும்வரை சாவியை அணைத்தாலும், விபத்தே நடந்தாலும் பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்.

ரிலே நல்லதென்றால் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அது லேசாகத் துள்ளினால் ஃப்ளைவீல் அருகே இருக்கும் வேக சென்சார் உயிரோடு இருக்கிறது. அசையாமல் படுத்திருந்தால் சந்தேகம் சென்சார் பக்கம் போக வேண்டும். அங்கே சென்சார் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி பிளக்குடன். சூட்டில் அந்த பிளக்குகள் கை வைத்தாலே உதிரும். இரண்டையும் மாற்றிச் செருகினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இதே வாரத்தில் செய்ய வேண்டிய இன்னொன்று, எஞ்சின் மேலே போகும் பெட்ரோல் ஹோஸ்கள். முப்பது வருட ரப்பர், சூடான எஞ்சின், அழுத்தத்தில் பெட்ரோல். வெடிப்பு தெரிகிறதா என்று ஆராய்வதே வீண். மாற்றிவிடுங்கள்.

கூலன்டில் ஆயில்

கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே காப்பி நிறத்தில் வெண்ணெய் மாதிரி ஏதோ மிதக்கிறது. எந்த மெக்கானிக்கும் 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்பார், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு. பெரும்பாலான கார்களில் அது சரியான தீர்ப்பு. 944-இல் அவசரத் தீர்ப்பு.

சாதா 944-இல் ஆயிலைக் குளிர்விப்பது கூலன்ட். எஞ்சின் பிளாக்கிலேயே பொருத்திய ஒரு சின்னக் கூலரில் இரண்டும் அடுத்தடுத்து ஓடுகின்றன, நடுவே ரப்பர் சீல்கள். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்டைவிடப் பல மடங்கு அதிகம். சீல் தளர்ந்தால் ஆயில் கூலன்டுக்குள் போகும், கூலன்ட் ஆயிலுக்குள் வராது. ஆகவே ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் சுத்தமாக இருந்து, தொட்டியில் மட்டும் கலங்கல் என்றால் சந்தேகம் கூலர் சீல்மேல். கூலன்டில் எஞ்சினுக்குள் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று ஒரு சோதனை, சிலிண்டர் கசிவுச் சோதனை ஒன்று. இரண்டும் சுத்தமாக வந்தால் ஹெட்டைத் தொட வேண்டாம். சீல்களின் விலை அற்பம். பிறகு கூலன்ட் வழிகளைக் கழுவிக் கழுவி ஊற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆயில் ஊறி உப்பிய ஹோஸ்களையும் மாற்றியாக வேண்டும். இருந்தாலும், தவறான தீர்ப்பில் தேவையில்லாமல் ஹெட்டைக் கழற்றும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை.

பிளாக் பற்றியும் ஒரு வார்த்தை. இதில் லைனர், அதாவது சிலிண்டருக்குள் செருகும் தனி உறை, கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியத்திலேயே சிலிண்டர் சுவர். சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் சாதாரண ரீபோர் பட்டறையில் இதற்கு வேலை செய்ய முடியாது. தனி முறை, தனிப் பொருள் வேண்டும். அதனால் அடிவாங்கிய 944 எஞ்சினைப் புதுப்பிப்பதைவிட இன்னொரு பழைய எஞ்சினைத் தேடிப் போடுவதே பலருக்குக் கட்டுப்படியானது. ரேஸ் தடத்தில் விரட்டி ஓட்டுபவர்களுக்கு இரண்டாம் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங் போவது பழகிய துக்கம். வேகமாக வளையும்போது அங்கே ஆயில் குறைகிறது. சாலையில் ஒழுங்காக ஓட்டுபவர் ஆயில் அளவைக் குறையவிடாமல் வைத்தால் போதும்.

கிளட்ச்

இப்போது அந்த நீண்ட குழாய். கிளட்ச் எஞ்சினோடு முன்னால் இருக்கிறது, கியர்பாக்ஸ் பின்னால். கிளட்ச் தட்டை மாற்ற முதலில் சைலன்சர் குழாய் முழுவதையும் கழற்ற வேண்டும், அப்புறம் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பிறகு நடுக்குழாயைப் பின்னால் தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பெல் ஹவுசிங் கழலும், கிளட்ச் கண்ணில் படும். முன் சக்கர இயக்கமுள்ள ஒரு சின்னக் காரில் அரை நாளில் முடியும் வேலை இங்கே காரை லிஃப்டில் நாள்கணக்கில் நிறுத்திவைக்கிறது. பில்லில் பெரும்பகுதி கூலி.

பழைய கிளட்ச் தட்டுகளின் நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர் வைத்திருந்தார்கள். அது தேயாது, முறியும். தட்டில் நிறைய உராய்வுப் பொருள் மிச்சமிருக்கும்போதே ரப்பர் கிழிந்து, வண்டியை நகர்த்தும்போது அடியில் 'டங்' என்று கேட்கும். கிழிந்த துண்டுகள் சிக்கிக்கொண்டால் கியர் விழாது. பிறகு வந்த தட்டில் ரப்பருக்குப் பதில் ஸ்பிரிங். மாற்றுபவர்கள் அதையே போடுகிறார்கள். உள்ளே போனதும் போனோம், பின் கிராங்க் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், முன்பு சொன்ன இரண்டு சென்சார் எல்லாமே ஒரே முறையில். சென்சாருக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து மூட வேண்டும். மறந்தால் புதுக் கிளட்ச் போட்ட வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். மெக்கானிக் கிளட்சில் தேடிக்கொண்டிருப்பார்.

நடுக்குழாய்க்குள் இருக்கும் தண்டின் பேரிங்குகளும் வயதானால் சீறும். அதற்கென்றே புதுப்பிக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். சத்தம் இருந்தால் அதே நேரத்தில் அனுப்பிவிடுவது நல்லது. திரும்ப இறக்கும் தெம்பு யாருக்கும் இருக்காது.

முன் சக்கரத்தில் ஒரு முன்னேற்றம்

ஆரம்பகால 944-இல் முன் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்து நிற்கும் லோயர் ஆர்ம், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் இரும்பு ஆர்ம்தான். போர்ஷே கனவில் இருப்பவருக்கு அது கொஞ்சம் அவமானம், பர்ஸுக்கு வரம். தேய்ந்தால் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். 1985-இன் நடுவில் வந்த மாற்றத்தில் அதை அலுமினியமாக்கினார்கள். எடை குறைந்தது, அழகாகவும் இருக்கும். ஆனால் அதன் பால் ஜாயின்ட்டை, சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டை, தனியாக மாற்ற முடியாதபடி செய்துவிட்டார்கள். ஒரு மூட்டு தேய்ந்தால் ஆர்ம் முழுவதும் புதிது. நம் 1986 வண்டி இந்த வகை. விலையைக் கேட்டுவிட்டு, ஆட்டம் இருப்பது தெரிந்தும் ஓட்டுகிறவர்கள் உண்டு. காரைத் தாழ்த்தி ஸ்பிரிங் மாற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மூட்டு எப்போதும் கோணலாக நின்று, ஒருநாள் அதன் ஊசி முறிந்து சக்கரம் படுத்துவிடும். வெளிச் சந்தையில் மூட்டை மட்டும் புதுப்பிக்கும் பாகங்கள் பிறகு வந்தன. போர்ஷே கொடுக்காததைச் சின்னப் பட்டறைகள் கொடுத்தன.

உடம்பைப் பொறுத்தவரை 944 அதிர்ஷ்டக்காரி. துத்தநாகம் பூசிய இரும்பு. அதே காலத்துக் கார்கள் பல துரு பிடித்துக் கரைந்தபோதும் இது நிற்கிறது. பார்க்க வேண்டிய இடம் பேட்டரித் தட்டு. ஆசிட் அரித்து ஓட்டை விழுந்தால் மழைத் தண்ணீர் பயணி காலடிக்கு வந்துவிடும். வெயிலில் வெடித்த டேஷ்போர்டு, சட்டத்திலிருந்து ஒட்டுவிட்டுப் பிரிந்த பின் கண்ணாடி, பல்லுடைந்த சன்ரூஃப் கியர் எல்லாம் கண்ணுக்கு உறுத்தும், காரைக் கொல்லாது. அவற்றைக் கடைசியில் வையுங்கள். பெல்ட்டை விட்டுவிட்டு பெயின்ட் அடித்த கார்களே சந்தையில் அதிகம், என் கண்ணில் அதுதான் ஆபத்தான அடையாளம்.

பதினாறு வால்வு 944 எஸ், எஸ்2 வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு கூடுதல் எச்சரிக்கை: அவற்றில் இரண்டு கேம் ஷாஃப்டுகளுக்கு நடுவே ஒரு சிறு சங்கிலி, அதை இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை. பட்டை இறுகி உடைந்தால் கேம் ஷாஃப்டே போகும். பெல்ட் ரசீதோடு இதற்கும் ரசீது கேளுங்கள்.

எந்த வரிசையில் செலவு

நம் வண்டிக்குத் திரும்புவோம். கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது? பெட்ரோல் ஹோஸும் பால் ஜாயின்ட்டும் உயிர் சம்பந்தப்பட்டவை, அவை முதலில். பிரேக்கைச் சொல்லவே வேண்டாம். அடுத்து பெல்ட் வேலை, முழுதாக. ரிலே அதே நாளில், செலவு கணக்கில் வராது. கிளட்ச் 'டங்' சொல்லும்வரை காத்திருக்கலாம், ஆனால் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். இவை எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை கார் விலைக்குப் பக்கத்தில், சில சமயம் மேலேகூட வரும். அது சகிக்க முடியாதென்றால் இரண்டு மடங்கு விலை சொல்லும், கட்டுக்கட்டாக ரசீதோடு வரும் 944-ஐ வாங்குவதே லாபம். முந்தைய சொந்தக்காரர் செய்த செலவை யாரும் முழுதாக விலையில் திரும்ப வாங்குவதில்லை; அந்த வித்தியாசம் வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி.

சமீப வருடங்களில் விலை ஏறியிருக்கிறது, டர்போவுக்கும் எஸ்2-வுக்கும் நன்றாகவே. சாதா எட்டு வால்வு இன்னும் பின்தங்கித்தான் வருகிறது. விலை ஏறியதால் நடந்த நல்ல காரியம் ஒன்று உண்டு: வால்வு வளைந்த எஞ்சினைத் தூக்கிப் போடாமல் பழுதுபார்ப்பது இப்போது கணக்குக்கு ஒத்துவருகிறது. போர்ஷேயின் பழைய கார்ப் பிரிவும் வெளி உற்பத்தியாளர்களும் பாகங்களை விடாமல் தருகிறார்கள். தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தவை சில வெளியே வந்துகொண்டிருக்கின்றன.

அப்படி வெளியே எடுத்து பெல்ட் போட்ட 1986 வண்டிக்கு ஒரு வேலை பாக்கி. புதுப் பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் நீளும், தானாக இறுக்க ஸ்பிரிங் இல்லை. இரண்டாயிரம் மைலுக்குள் முன் உறையைத் திரும்பத் திறந்து, ஆறிய எஞ்சினில் இழுவிசையை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். வேலை முடிந்ததும் தேதி போட்டு பில்லை வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.